பால் கேனில் வந்த உப்புத் தண்ணீர்

பழைய பாட்டுகளில் பிரிவு வந்தால் பெண்ணுக்கு வளையல் கழன்று விழும், நெற்றி பசந்துபோகும், சோறு இறங்காது. இறங்கின சோறு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எந்தப் புலவரும் விசாரித்ததாக நான் படித்ததில்லை. எனக்குப் பிரிவு வந்தபோது வளையல் இருந்த இடத்திலேயே இருந்தது. வயிற்றுக்குள் போனதும் போன இடத்திலேயே இருந்தது. இலக்கியத்தில் இடம் கிடைக்காத துயரம் என்பதால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் என் வீட்டுக்காரருக்குக் கணக்கு எழுதும் வேலை. தகரக்கூரை போட்ட இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். நானோ கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் கடலையும் சோளமும் விளைகிற வீட்டுப் பெண். வெயிலில் காய்ந்து வளர்ந்த உருப்படியைக் கொண்டுபோய் மேகத்துக்குள் குடிவைத்தால் எப்படி இருக்கும்? ஊறுகாயில் விழுந்த சுக்கு மாதிரி இருந்தேன்.

இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன். அது இரண்டாம் தடவை. முந்தைய வருடம் இதே நிலையில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு என்று நாலு பஸ் மாறி ஊருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்த வாரமே அது கலைந்துபோயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் சேர்ந்து பஸ்ஸைத் திட்டினார்கள். அதனால் இந்தத் தடவை சட்டம் முதலிலேயே வந்துவிட்டது: நாலாம் மாதம் பிறக்கும்வரை பஸ் படியை மிதிக்கக்கூடாது. தோட்டத்து டாக்டர் மலையாளத்தில் சொன்னார், மாமியார் வீட்டிலிருந்து ஆள்விட்டுச் சொன்னார்கள், வீட்டுக்காரர் சொல்லவே தேவையில்லாமல் பார்த்த பார்வையிலேயே சொன்னார். நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இந்தப் பிள்ளை தங்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் வேண்டாம். வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுகை வந்துவிடும்.

இந்த இரண்டு ஆசைகளும் ஒரே வயிற்றில் மல்லுக்கு நின்றபோதுதான் மூன்றாவதாக மலச்சிக்கல் வந்து நடுவில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால் தோட்டத்துத் துரை பங்களாவில் உட்கார்ந்த மாதிரி. அசைகிற எண்ணமே இல்லை.

காரணங்களுக்குக் குறைவில்லை. டிஸ்பென்சரியில் ரத்தம் ஊறுவதற்கு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஊறியதோ என்னவோ, இரும்பு இரும்பாகவே உள்ளே தங்கியது. அந்தக் குளிரில் தாகம் எடுக்காது. தண்ணீருக்குப் பதில் எந்நேரமும் டீதான். வாழைத்தாரை வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் அது பழுக்காமல் கல்யாணத் தோரணம் மாதிரி பச்சையாகவே ஆடிக்கொண்டிருக்கும். கர்ப்பம் தரித்த உடனே குடலும் சோம்பேறியாகிவிடும், அது இயற்கை என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு இயற்கையைப் பற்றி எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நிறையத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலிக்கார அம்மாள். இரண்டு தலைமுறையாகத் தோட்டத்தில் இருக்கும் குடும்பம், ஆனாலும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன தாயி, வயிறு கட்டிக்கிட்டா? வெளக்கெண்ணெ ஒரு கரண்டி குடிச்சா சரியாப் போயிரும்."

"குடிக்கட்டுங்களா?"

"ஐயையோ! புள்ளத்தாச்சி வெளக்கெண்ணெ குடிக்கலாமா? புள்ள நழுவிரும்லா."

"அப்பப் பப்பாளிப்பழம்?"

"அது அதுக்கு மேல!"

"சூரத்தாவரை எலை?"

"ஏ, வாயக் கழுவு!"

நிலைமை இப்படித்தான். எதையெல்லாம் சாப்பிட்டால் ஒன்று இறங்குமோ, அதையெல்லாம் சாப்பிட்டால் மற்றதும் இறங்கிவிடும் என்பது தோட்டத்துப் பெண்களின் ஒருமித்த தீர்ப்பு. அனுமதிக்கப்பட்டது வெந்நீரும் பொறுமையும். முக்கினால் கரு நழுவும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு பிரிவு. அது பொய் என்று அதே பின்னாளைய புத்தகம் சொன்னது. ஆனால் புத்தகம் வருவதற்கு முன்பே நான் பயந்து முடித்திருந்தேன். தினமும் காலையில் போய் உட்காருவேன். முக்கப் பயம். முக்காமல் நடக்காது. போன தடவையை நினைத்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே எழுந்து வருவேன்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் அந்தக் கக்கூஸ். வீட்டுக்குப் பின்னால் தனியாக, தகரக் கதவு போட்டு நின்றது. குடை பிடித்துப் போக வேண்டும். உள்ளே போய்த் தாழ் போட்டால் கூரையில் மழை தடதடவென்று அடிக்கும். யாரோ வெளியே நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று தட்டுவது போலவே இருக்கும். நாகரிகம் என்று எங்கள் ஊரில் அதைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். "அவளுக்கென்ன, ஊட்டுக்குப் பின்னாலயே கக்கூஸு!" என்று.

நான் பழகியது வேறு. விடிவதற்கு முன் நங்கையா வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்த வருடம் அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள் இவள். "எந்திரி அம்மிணி, பொழுது கெளம்பீரும்" என்பாள். இருவரும் சொம்பை எடுத்துக்கொண்டு சோளக்காட்டைத் தாண்டி நடப்போம். வரப்புக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். முகம் தெரியாது, பேச்சுக் கேட்கும். அந்த வரப்பின் மேல் பேசித் தீராத விஷயமே கிடையாது. என் கல்யாணமே அங்கேதான் முடிவாயிற்று. "ஏனம்மிணி, மலைமேல எஸ்டேட்டுல வேலையாம், மாப்பிள்ளை மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாம். சரின்னு சொல்லச் சொல்லட்டா உங்கண்ணங்கிட்ட?" என்று இருட்டிலிருந்து கேட்டாள். நான் இருந்த நிலையில் யோசிக்க அவகாசம் இல்லை. சரி என்றேன்.

வயிறு என்பது அந்தப் பேச்சோடு சேர்ந்து வேலை செய்யப் பழகிய இயந்திரம். பேச்சு நின்றதும் இயந்திரமும் நின்றது. தகரக் கதவுக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, நானூறு வளைவுகளுக்குக் கீழே எங்கோ கிடக்கும் ஒரு வரப்பை நினைத்து ஏங்கிய பெண்ணை நீங்கள் எந்தத் திணையில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மலைதான், ஆனால் அது குறிஞ்சி இல்லை.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். அண்ணன் அதை வாசலில் நின்று உரக்கப் படிப்பார், வேலியில் நிற்பவர்களும் கேட்பார்கள். ஆகவே எங்கள் பக்கத்து மரியாதைப்படி, "இங்கத்த தண்ணி எனக்குச் சேரவில்லை" என்று மட்டும் எழுதினேன். வயிற்றில் எந்தக் கோளாறு வந்தாலும் எங்கள் ஊரில் பழி தண்ணீர் மேல்தான். என்ன கோளாறு என்பதைக் கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொண்டார்கள். தண்ணீர் சேரவில்லை என்றால் சேருகிற தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே முறை?

ஒரு நாள் மத்தியானம், மூணாற்றுக்கு ஃபாக்டரி வேலையாகப் போன வீட்டுக்காரர் பெரிய அலுமினியப் பால் கேன் ஒன்றைத் தோளில் சுமந்தபடி மழையில் நனைந்து வந்தார். பின்னால் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நங்கையா.

மூணாறுவரை தனியாக வந்திருந்தாள்; அங்கே பஸ் ஸ்டாண்டில் இவர் கண்ணில் பட்டிருக்கிறாள். பொள்ளாச்சிச் சந்தைக்கு மேல் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள். அண்ணனுக்குக் கடலை பிடுங்குகிற நேரம். உடுமலைப்பேட்டைவரை வந்து பஸ் ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்தக் கண்டக்டரோடு நடந்ததை நங்கையா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"'என்னம்மா, பாலா?'ன்னான். தண்ணிங்கன்னேன். 'மூணாறுக்கா தண்ணி கொண்டு போறீங்க? அங்க மழ பேஞ்சு ரோடே காணமுங்க'ன்னான். அது அவிய ஊட்டுத் தண்ணி, இது எங்க ஊட்டுத் தண்ணின்னேன். கேனுக்கும் ஒரு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டான்."

சின்னாறு செக்போஸ்டில் காவல்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பால் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அது சாராயமாகத்தான் இருக்க வேண்டும். மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். வாசனை இல்லை. கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். "மூஞ்சி போன போக்க நீ பாக்கோணுமே! சாராயமா இருந்தாக்கூட அத்தன கோணியிருக்காது. 'கொண்டு போ, கொண்டு போ'ன்னு மலையாளத்துல தொரத்திட்டாரு."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கோடையில் அதுவும் கிடைக்காமல், அந்த உப்புத் தண்ணீருக்கே சண்டை நடக்கும். அங்கிருந்து ஒரு கேன் தண்ணீர், பாறைக்குப் பாறை அருவி கொட்டுகிற மலைக்கு ஏறி வந்திருந்தது. நங்கையாவுக்கு அந்த அருவிகளைப் பார்த்துத்தான் வயிற்றெரிச்சல். வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்திருப்பாள் போல.

"இத்தன தண்ணியும் எங்க போகுது அம்மிணி? ஆரும் பாச்ச மாட்டாங்களா? ஒரு மடை கட்டி வுட்டா என்ன கேடு இவிங்களுக்கு?"

நான் கேன் மூடியைத் திறந்தேன். ஒரு டம்ளரில் மொண்டு கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். மலைத் தண்ணீர் தேன் மாதிரி என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். எனக்கு அது கண்ணாடியைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும். இது கரித்தது. நாக்கில் எங்கள் கிணற்றடிக் கல், ஏற்றச் சால், காய்ந்த கடலைக்கொடி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இன்னொரு டம்ளர் குடித்தேன். ஒரு மாதத்தில் நான் குடித்த தண்ணீரைவிட அன்று சாயங்காலம் குடித்தது அதிகம். மருத்துவம் என்று பார்த்தால் விஷயமே அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதை அப்போது என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

திருநெல்வேலிக்கார அம்மாள் பார்க்க வந்தாள். அவளுக்கு மரியாதை செய்ய நங்கையா எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே டீ போட்டாள். கறுத்து, மேலே ஏடு படிந்து, பால் விட்டதும் பிரிந்துபோயிற்று.

"இந்தத் தண்ணியக் குடிச்சா மனுசன் உசுரோட இருப்பானா, மதினி?"

"பருப்புத்தானுங்க வேகாது. நாங்கெல்லாம் வெந்துட்டோம்" என்றாள் நங்கையா.

மறுநாள் காலை என் கால் கட்டைவிரல் இழுபட்டது. கண் விழிக்கும்முன் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோய்ச் சொம்பைத் தேடினேன். "எந்திரி" என்றாள். வெளியே மழை. வரப்பு இல்லை, சோளக்காடு இல்லை. தகரக் கதவை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுக்குள்ளயா?"

"ஆமாங்க நங்கையா."

"ஆட்டுப்பட்டியாட்ட இருக்குது. செரி, நீ போ. நா இங்கத்தான் குக்கிக்கிட்டிருக்கறேன்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த உடனே பேச்சு.

"மேக்காலத் தோட்டத்து அய்யன் இருக்காருல்ல, புது மோட்டாரு போட்டாரு. கேக்குதா?"

"கேக்குதுங்க."

"மோட்டாருக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, ஊரையே கூப்புட்டு நிறுத்தி வெச்சுக்கிட்டு சுவிச்ச அமுத்துனா, காத்துத்தான் வருது. கெணத்துல தண்ணி இல்ல! போனவாரமே வத்திப்போச்சாமா. அய்யன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வுடுங்க, இந்தக் காத்துல கடலையத் தூத்திக்கலாம்'ங்குது!"

எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. சிரிப்பு வயிற்றிலிருந்துதானே கிளம்புகிறது? கிளம்பிய சிரிப்பு அங்கே குடியிருந்த துரையையும் அசைத்துவிட்டது. முக்கவில்லை, பயப்படவில்லை. வெளியே அவள் அந்த அம்மாளின் குரலில் இன்னொரு தடவை, "கடலையத் தூத்திக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்து முடித்து, அப்படியே அழவும் செய்தேன். தகரத்தில் மழை விழுந்ததால் அது அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பேச்சைச் சட்டென்று நிறுத்திவிட்டு, "ஏஞ்சாமி, ஆச்சா?" என்று கேட்ட குரலிலிருந்து, கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அவள் இருந்த நாட்களெல்லாம் காலையில் கவிழ்த்த வாளியும் கதவுமாகப் போயிற்று. வேலையைத் தண்ணீர் செய்ததா, நங்கையா செய்தாளா என்று பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கு இருக்கவில்லை. அந்தக் கதவு மட்டும் திறந்து கீழே சோளக்காட்டில் போய் நின்றால் போதும் என்றிருந்தது.

கடலை பிடுங்கிய கூலியாட்களுக்குச் சோறாக்க ஆள் இல்லை என்று அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த தண்ணீரை என் குடத்தில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் மூணாறுவரை கூடப் போவதாக ஏற்பாடு. பஸ் நிறுத்தத்துக்கு நானும் ஒரு துணிப்பையோடு போனேன். பஸ் வந்தது. அவள் ஏறினாள். நானும் படியில் கால் வைத்துவிட்டேன்.

"எங்கே நீ?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா மூணாறு வரைக்குங்க. வழியனுப்பிட்டு உங்களோடவே வந்தர்றேன்."

நங்கையா திரும்பி என் பையைப் பார்த்தாள். வாயை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"மூணாறு வரைக்கும் போறதுக்கு மாத்துச்சீலை எதுக்கு அம்மிணி?"

கம்பியைப் பிடித்த கையை நான் விடவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் கீழே இறங்கி வந்தாள். என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காதருகில் மெதுவாகச் சொன்னாள்:

"போன தடவ நோம்பிக்கு உன்ன வரச்சொல்லி உங்கண்ணங்கிட்டச் சொல்லிச் சொல்லி எழுத வெச்சது நாந்தான். எனக்குப் பேசறதுக்கு ஆளில்லாமத்தான் வரச்சொன்னேன். அது இன்னும் நெஞ்சுல அடச்சுக்கிட்டுக் கெடக்குது எனக்கு. எறங்கு சாமி."

இறங்கினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு இரண்டு பையன்கள், ஒரு புருஷன், நிறைய மாடுகள். ஏக்கம் எனக்கு மட்டும் ஒதுக்கின சரக்கு என்றே நினைத்திருந்தேன். பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் அலுமினியக் கேன்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை கட்டைவிரலை யாரும் இழுக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்தேன். பின்னால் வீட்டுக்காரரும் வந்தார். மூக்கு நுனியில் மழை சொட்ட, கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நா வேணும்னா... இங்கயே நிக்கட்டா புள்ள?"

அந்தக் காலத்தில் ஒரு ஆண்பிள்ளை, அதுவும் ஃபாக்டரி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காருகிறவர், கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன். வெளியே வாளி நகர்கிற சத்தம். தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"ரெண்டாம் நம்பர் ரோலர்ல பேரிங் போயிருச்சு" என்றார்.

நான் காத்திருந்தேன். கதை அவ்வளவுதான் போலிருந்தது.

"அப்பறமுங்க?"

"அப்பறம்... ஃபிட்டரு வரோணும்."

நங்கையாவாக இருந்தால் அந்த ரோலருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஃபிட்டருக்கு இரண்டு பெண்டாட்டிகளைக் கட்டி வைத்து, ஒருத்தியை ஓடவும் விட்டிருப்பாள். இவருக்கு அது வராது. பக்கத்து அம்மாள் குடத்தோடு போனவள் நின்றுவிட்டாள்.

"யாருட்ட சார் பேசிக்கிட்டிருக்கிய?"

"ஒண்ணுமில்லீங்க. பேரிங்."

அவள் போன பிறகும் அவர் எழுந்து போகவில்லை. ஃபிட்டர் வந்தார் என்றார். வந்து பார்த்துவிட்டு, இது பேரிங் இல்லை என்றார் என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு வெறுமனே எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு நாலாம் மாதம் பிறக்கும்வரை அந்த ஃபாக்டரியில் பழுதாகாத இயந்திரம் ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் அவர் இட்டுக்கட்டியது என்று எனக்குத் தெரியும். ஒரு ஃபாக்டரி அவ்வளவு கெட்டுப்போனால் நாட்டில் யாருக்கும் டீ கிடைத்திருக்காது. உப்புத் தண்ணீர் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. மலைத் தண்ணீரையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கப் பழகினேன். அவர் பேசுவார், நான் அந்தப் பேச்சுக்கு அடியில் வேறொரு குரலைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாளும் கிடைத்ததில்லை.

டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னதற்கு மறுநாள் காலை, டிரையரில் ஏதோ அடைத்துக்கொண்ட கதையை அவர் ஆரம்பித்தார். நான் உள்ளே இருந்து குறுக்கிட்டேன்.

"லீவு கேட்டீங்களா?"

வெளியே வாளி நகர்கிற சத்தம் கேட்டது.

"கேட்டாச்சு. நாளைக்குக் காலைல மொதல் பஸ்ஸு. எந்தப் பக்கத்து ஜன்னல் வேணும்?"

மலை இறங்கும்போது சமவெளி எந்தப் பக்கம் முதலில் தெரியும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன்.